பதினெட்டு நிமிடம்

அறுபத்திரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ரகம் நான். நீங்களும் அப்படி இருக்கலாம். அறுபது வேண்டியிருந்தது, அறுபத்திரண்டு வந்தது. ஆனால் அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. யாரோ தப்பாகக் கூட்டிவிட்டார்கள், நாளைக்குத் திருத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

என் பெயர் லோர்னா. வயது முப்பத்து மூன்று. ஷெஃபீல்டில் அட்டர்க்ளிஃப் பக்கம் ஒரு சின்ன உலைக்கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பல்சக்கரம், அச்சு, சுத்தியல் தலை என்று யார் யாரோ செய்து அனுப்பும் இரும்புச் சாமான்களைக் கரித்தூளோடு பெட்டியில் அடைத்து உலைக்குள் தள்ளுவோம். சூட்டில் கரி மெல்ல மெல்ல இரும்புக்குள் இறங்கும். அப்புறம் எண்ணெயில் முக்கி எடுத்தால் மேல்தோல் கல்லாகிவிடும், உள்ளே மட்டும் பழைய மென்மை இருக்கும். அது ஏன் அப்படி ஆகிறது என்று கேட்டால் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. "ஆகுது, அவ்வளவுதான்" என்பார்கள். ஒன்றைப் பதினோரு வருடம் தினமும் செய்துகொண்டே அது ஏன் நடக்கிறதென்று தெரியாமல் இருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல்தான் என்னைப் பல்கலைக்கழக வாசலில் கொண்டுபோய் விட்டது.

பொருளறிவியல் பட்டப்படிப்பில் நேராகச் சேர எனக்குத் தகுதி கிடையாது. என் போன்ற ஆட்களுக்காக அடித்தள ஆண்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பள்ளியில் விட்ட கணக்கையும் இயற்பியலையும் வேதியியலையும் ஒரே வருடத்தில் தொண்டைக்குள் திணிப்பார்கள். ஒவ்வொரு பாடத்திலும் அறுபது எடுத்தால் பட்டப்படிப்பின் முதலாண்டு. எடுக்காவிட்டால் மறுதேர்வு எழுதலாம், தாராளமாக. ஆனால் மறுதேர்வில் எவ்வளவு பிரமாதமாக எழுதினாலும் நாற்பதுக்கு மேல் போட மாட்டார்கள். அதாவது, முதல் தடவையிலேயே அறுபது, இல்லையென்றால் மூட்டையைக் கட்டு. வேதியியலைத் தாண்டிவிட்டேன். கணக்கைத் தாண்டியபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. மிச்சம் இருந்தது இயற்பியல் ஒன்றுதான்.

அந்தத் தேர்வு மே மாதக் கடைசியில், விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. முதல் மூன்றையும் தட்டுத் தடுமாறித்தான் முடித்தேன். நாலாவதைப் புரட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரும்புக்குள் கரி எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதுதான் கேள்வி. எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம், ஆயிரத்து நூறு டிகிரியில் எடுத்த அளவுகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வரைபடம் போடு, அதன் சாய்வைக் கண்டுபிடி, சாய்விலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. கடைசியில், தொள்ளாயிரத்து இருபத்தைந்து டிகிரியில் கரி ஒரு மில்லிமீட்டர் ஆழம் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல வேண்டும். நான் பதினோரு வருடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த நேரம் அது. பக்கத்தில் இருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

உற்சாகமாக எழுதினேன். வரைபடத்தில் புள்ளிகள் நேர்க்கோட்டில் வர வேண்டும். கொஞ்சம் வளைந்தன. என் கை நடுக்கம் என்று நினைத்து, நடுவில் ஒரு கோட்டை இழுத்தேன். சாய்வு எடுத்தேன், சூத்திரத்தில் போட்டேன், கால்குலேட்டரைத் தட்டினேன். விடை ஆயிரத்து அறுபத்து நாலு விநாடி. அறுபதால் வகுத்துப் பார்த்தேன்.

பதினெட்டு நிமிடம்.

திரும்பத் தட்டினேன். பதினெட்டு நிமிடம். எனக்கு வேர்த்துவிட்டது. பதினெட்டு நிமிடத்தில் எங்கள் உலையில் பெட்டி சூடேறவே ஏறாது. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு ஷிஃப்ட் போக வேண்டும், எட்டு மணி நேரத்துக்கு மேல். காலை ஷிஃப்டில் ஏற்றியதை மதிய ஷிஃப்ட் வந்து இறக்கும். அதுதான் கணக்கு, அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் காகிதத்தில் தப்பு எங்கே இருக்கிறதென்று மட்டும் தெரியவில்லை. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சரியாகவே இருந்தது. பத்து நிமிடம் இருக்கிறது என்று அறிவித்தார்கள். அப்புறம் ஐந்து.

கேள்வியின் கடைசிப் பகுதி, "உங்கள் விடை நடைமுறைக்குப் பொருந்துகிறதா? கருத்துக் கூறுக" என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு நாசூக்கு போய்விடும். இப்படி எழுதினேன்: "பொருந்தவில்லை. பதினெட்டு நிமிடத்தில் ஒரு கோப்பை டீ கூட ஒழுங்காக ஆறாது. இந்தச் சூட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பதினோரு வருடம் செய்திருக்கிறேன். மேலே எங்கோ தப்பு செய்திருக்கிறேன். சாய்வு வர வேண்டியதைவிடக் குறைவு என்று நினைக்கிறேன். கண்டுபிடிக்க நேரமில்லை." பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார்கள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் ஹாரூன் நின்றிருந்தான். ஆய்வகத்தில் அவனும் நானும் ஒரே மேசை. பதினெட்டு வயது, வாய் மூடவே மூடாது. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் அம்மா முறைப்பாளாம், அதனால் வகுப்பில் அத்தனை பேருக்கும் நான் லோர்னா, அவனுக்கு மட்டும் அக்கா.

"அக்கா, நாலாவது கேள்வி உனக்குன்னே போட்ட மாதிரி இருந்துச்சே. எவ்வளவு வந்துச்சு?"

"உனக்கு எவ்வளவு?"

"எட்டரை மணி நேரம் சொச்சம்."

எனக்குக் காதுக்குள் ஏதோ கூவியது. "எனக்குப் பதினெட்டு நிமிஷம்டா."

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். என் கேள்வித்தாளை வாங்கி, அதன் ஓரத்தில் நான் கிறுக்கியிருந்த எண்களைப் பார்த்தான். பார்த்து முடிக்க அவனுக்கு மூன்று விநாடி ஆகியிருக்கும்.

"அக்கா, இருநூத்தி எழுபத்தி மூணு எங்க?"

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈரம் பாவாடைக்குள் ஏறியது, எழுந்திருக்கத் தோன்றவில்லை.

விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரிச் சூத்திரங்களில் சூட்டைச் செல்சியஸில் போடக் கூடாது, கெல்வினில் போட வேண்டும். செல்சியஸோடு இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டினால் கெல்வின். முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் சங்கதி. ஹாரூன் மாதிரிப் பிள்ளைகளுக்கு டிகிரி என்று பார்த்தாலே கை தானாகக் கூட்டிவிடும். நானும் வருடம் முழுக்கக் கூட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தொள்ளாயிரம், ஆயிரம் என்ற எண்களைப் பார்த்ததும் எனக்கு வகுப்பு மறந்துபோய் உலைதான் ஞாபகம் வந்தது. எங்கள் உலையின் மீட்டரில் அந்த எண்கள்தான் சிவப்பாக ஒளிரும். அதில் யாரும் எதையும் கூட்டுவதில்லை. தெரியாத இடத்தில் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தவள், சொந்த வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்தேன்.

"முதல் வரியே தப்பா?" என்று கேட்டேன்.

"முதல் வரியேதான்."

"அப்ப அதுக்குக் கீழ இருக்கிற எல்லாமே?"

அவன் தலையைச் சொறிந்தான். "என்னோட சிப்ஸைச் சாப்பிடறியா அக்கா? சூடா இருக்கு." குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். வேறென்ன செய்ய.

மற்ற மூன்று கேள்விகளையும் அவனோடு ஒத்துப் பார்த்தேன். எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் நாற்பத்தாறுக்கு மேல் போகவில்லை. நாலாவதில் பதினாலு வேண்டும். முதல் வரியிலிருந்து தப்பான ஒன்றுக்குப் பதினாலா? பட்டியலை ஒழுங்காக எழுதியதற்கு மூன்று கொடுப்பார்கள் என்று ஹாரூன் சொன்னான். ஆறுதலுக்காக நாலு என்று மாற்றிக்கொண்டான்.

டிராமுக்குக் காத்திருக்கும்போது கோலினுக்குப் போன் போட்டேன். கோலின் எங்கள் உலைக்கூடத்தின் ஃபோர்மேன். யாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார், ஆறடித் தடியனாக இருந்தாலும் கண்ணுதான். செப்டம்பரில் நான் வேலையை விட்டபோது அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். உடை மாற்றும் அறையில் சுவரோரம் வரிசையாகக் கோட்டு மாட்டும் கொக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கு மேலும் வெள்ளை டேப்பில் ஒரு பெயர். அந்த டேப்பில் பெயர் இருந்தால்தான் அங்கே வேலையில் இருக்கிற ஆள். "உன் கொக்கிய யாரும் தொட மாட்டாங்க கண்ணு. ஜூலை வரைக்கும் அது உன்னோடது. சரிப்படலன்னா வந்து கோட்ட மாட்டு, வேலையப் பாரு. ஒரு கேள்வி கேக்க மாட்டேன்" என்றார். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் சேர்ந்து குடிக்கப் போனபோது மறுபடியும் கேட்டேன். "இருக்கு, இருக்கு" என்றார்.

அன்றைக்கும் அதைத்தான் கேட்டேன். "கோலின், என் கொக்கி இருக்குல்ல?"

அந்தப் பக்கம் உலையின் இரைச்சல் கேட்டது. "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

"ரிசல்ட் வந்துடுச்சா?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

"வரட்டும். அதுக்குள்ள என்ன." அப்புறம், "கொக்கிக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கு" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லி முடியாது. அந்த மூன்று வாரமும் படுத்தவுடன் கண்ணை மூடி அந்தக் கொக்கியை நினைத்துக்கொள்வேன். பித்தளைக் கொக்கி, இடமிருந்து ஏழாவது, நுனி கொஞ்சம் வளைந்தது. எல்லாம் போனாலும் அது இருக்கிறது. அதை நினைத்தால் தூக்கம் வந்துவிடும்.

என் புருஷன் டெரன்ஸ் டிராம் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஒரே தண்டவாளத்தில் போய் வருவதாலோ என்னவோ, எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். நான் வீட்டில் பாத்திரத்தை டமால் டுமீல் என்று வைத்தால், "அதுல எத்தனை கெல்வின் சூடு இருக்கு?" என்று கேட்பான். முதல் இரண்டு தடவை அடிக்கப் போனேன். மூன்றாவது தடவை சிரித்துவிட்டேன்.

ரிசல்ட் நடுப்பகலில் வந்தது. சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, டெரன்ஸைப் பார்க்கச் சொன்னேன். அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கு."

"எந்தப் பாடம்?"

"இயற்பியல்."

"ஒழுங்காப் பாரு. ஐம்பத்திரண்டா இருக்கும்."

"கண்ணு டெஸ்ட் பண்ணித்தான் எனக்கு டிராம் குடுத்திருக்காங்க, லோர்னா. அறுபத்திரண்டு."

நான் பார்த்தேன். அறுபத்திரண்டேதான். பக்கத்தில் பச்சை எழுத்தில், முதலாண்டுக்குத் தகுதி. முதலில் சொன்னேனே, அந்தச் சந்தேகம் அப்போதுதான் ஆரம்பித்தது. என் கணக்குப்படி ஐம்பதுக்கு மேல் வழியே இல்லை. வேறு யாருடைய தாளோ என் பெயருக்கு வந்திருக்க வேண்டும். எங்கோ ஒரு பிள்ளை என் ஐம்பதை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கும்.

"நான் போய்க் கேட்கப் போறேன்" என்று கோட்டை எடுத்தேன்.

"என்னன்னு கேப்பே? அதிகமாப் போட்டுட்டீங்க, குறைச்சுக்குங்கன்னா?"

"தெரியாம எப்படி இருக்கறது? செப்டம்பர்ல சேர்ந்ததுக்கு அப்புறம் கூப்பிட்டு வெளிய போன்னு சொன்னா?"

"சொன்னா சொல்லட்டும். அது வரைக்கும் சந்தோஷமா இரேன்."

"அப்படியெல்லாம் என்னால இருக்க முடியாது."

"அது எனக்குத் தெரியாதா" என்று அவன் ரொட்டியைக் கடித்தான். "குடை எடுத்துக்க."

இயற்பியல் நடத்தியவர் டாக்டர் கெரிஸ். வேல்ஸ் நாட்டுப் பெண், என்னைவிட நாலு வயது சின்னவர். அவர் அறையில் உட்காரவே இடமில்லை, நாற்காலி எல்லாம் விடைத்தாள். ஒரு கட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"என் மார்க் தப்பா வந்திருக்குன்னு நினைக்கிறேன்" என்றேன்.

"குறைஞ்சிடுச்சா?"

"இல்ல. கூடிப்போச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ரிசல்ட் வந்ததுலேருந்து பதினஞ்சு பேர் வந்துட்டாங்க. கூடிப்போச்சுன்னு யாரும் வரல."

என் தாளைத் தேடி எடுத்தார். என் கையெழுத்தேதான், என் வரைபடமேதான். நாலாம் கேள்வியைத் திருப்பினார். முதல் வரியில், பட்டியலுக்குப் பக்கத்தில், பச்சை மையில் ஒரு வட்டம். 'கெல்வின்?' என்று எழுதி, இரண்டு மார்க் வெட்டியிருந்தார். அதற்குக் கீழே வரைபடம். ஒரு டிக். சாய்வு. டிக். அடுத்த வரி. டிக். பதினெட்டு நிமிடத்துக்கும் ஒரு டிக். ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் பொடியாக மூன்று எழுத்து கிறுக்கியிருந்தார்.

"இது என்ன?" என்று அந்தக் கிறுக்கலைக் காட்டினேன்.

"மேல பண்ண தப்பு கீழ இறங்கி வந்திருக்குன்னு அர்த்தம். இங்க புதுசா எந்தத் தப்பும் இல்ல."

"ஆனா விடை தப்பு."

"தப்புதான். ஆனா நீங்க தப்பு பண்ணது ஒரே இடத்துல. அங்கயே வெட்டியாச்சு. அதுக்கப்புறம் அந்தத் தப்பான எண்ண வெச்சுக்கிட்டு நீங்க பண்ணதெல்லாம் சரியான வழி. ஒரு தப்புக்கு ஒரு தடவைதான் மார்க் வெட்டணும்."

"இது நீங்களாப் பாத்து விட்டதா?"

"அய்யோ, நான் அவ்வளவு நல்லவ இல்ல. ரூல். எல்லாருக்கும் அதுதான். வரைபடத்துல கோடு சரியா வரலன்னும், சாய்வுக்கு அலகு எழுதலன்னும் வெட்டியிருக்கேன் பாருங்க, அது உங்க சொந்தச் சம்பாத்தியம்." பக்கத்தைத் திருப்பினார். "இதுக்கு மட்டும் நாலுக்கு நாலு."

கோபத்தில் எழுதிய என் கருத்து. டீ ஆறாது என்ற வரிக்கு அடியில் பச்சைக் கோடு.

"இருநூத்தி எழுபத்தி மூணை விட்டவங்க வகுப்பில பதினோரு பேர்" என்றார் கெரிஸ். "பத்துப் பேர் பதினெட்டு நிமிஷம் நடைமுறைக்குப் பொருந்துதுன்னு எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தர் ரொம்பத் திருப்தியாப் பொருந்துதுன்னு எழுதியிருக்கார். தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். சாய்வு குறைவுன்னு இடத்தையும் காட்டியிருக்கீங்க. கூட்டிப் பாருங்க."

கூட்டிப் பார்த்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக. இருபத்தைந்துக்குப் பதினாறு. நாற்பத்தாறும் பதினாறும் அறுபத்திரண்டு. யாரும் தப்பாகக் கூட்டவில்லை, யாருடைய தாளும் மாறவில்லை. அது என்னுடைய அறுபத்திரண்டு. அங்கே அந்தக் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

எனக்குப் பதினாறு வயதில், பள்ளி இறுதிக் கணக்குத் தேர்வில், இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். நடுவில் இருந்த கேள்விகளைப் பார்க்கவே இல்லை. மூன்று மார்க்கில் போயிற்று. மறுதேர்வு எழுதியிருக்கலாம், வீம்பு, எழுதவில்லை. அதற்குப் பிறகு போன இடத்தில் எல்லாம், கிடங்கோ கேன்டீனோ உலைக்கூடமோ, நிரப்பக் கொடுத்த ஒவ்வொரு படிவத்திலும் கணக்கில் என்ன மதிப்பெண் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தில் வெட்டு விழும். இரண்டு வருடம் முன்பு மாலைக் கல்லூரியில் போய் எழுதித் தேறினேன், அது வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தப்புக்கு ஒரு தடவைதான் என்று ஒரு விதி உலகத்தில் இருக்கிறது, அதைப் பச்சை மையில் எழுதுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கெரிஸ் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். "செப்டம்பர்ல வரீங்கல்ல?"

"வரேன்" என்றேன். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை உலைக்கூடத்துக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் நல்ல சேதி யாருக்கோ அவர்தான் பன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பிறந்தநாள் என்றாலும் அப்படித்தான். ஒரு டஜன் கிரீம் பன் வாங்கினேன். கோலினிடம் நேரில் சொல்லி, கொக்கியிலிருந்து என் பெயரை என் கையாலேயே உரிக்க வேண்டும் என்று ஆசை. பத்து மாதம் எனக்காகச் சும்மா நின்ற கொக்கி. அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கோலின் எண்ணெய்த் தொட்டி பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. என் கையில் இருந்த பன் பெட்டியைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வந்துட்டியா கண்ணு" என்றார்.

"அறுபத்திரண்டு."

"எத்தனை வேணும்?"

"அறுபது."

"அப்ப பாஸா?"

"பாஸ்."

"நல்லாப் பாத்தியா? மாத்திட மாட்டாங்களே?"

"நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்."

கோலின் கையுறையைக் கழற்றினார். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உப்பிய பலூனில் காற்று இறங்குவதுபோல் ஒரு மூச்சு விட்டார். இவ்வளவு அக்கறையா என் மேல் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. எல்லோரும் பன்னுக்குக் கூடினார்கள். பதினெட்டு நிமிடக் கதையைச் சொன்னேன். "அப்படி மட்டும் இறங்கிச்சுன்னா காலைல டீ குடிக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாமே" என்று கோலின்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"சரி, என் பேர உரிச்சுட்டு வரேன்" என்று உடை மாற்றும் அறைப் பக்கம் நடந்தேன்.

"கண்ணு, கொஞ்சம் இரு" என்று பின்னாலேயே வந்தார்.

அதற்குள் பார்த்துவிட்டேன். இடமிருந்து ஏழாவது கொக்கியில் ஒரு நீலக் கோட்டு தொங்கியது. மேலே டேப்பில் 'டாரியஸ்' என்று இருந்தது. புது டேப் இல்லை. ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி மஞ்சளித்து, பல மாதமாக அங்கேயே இருக்கிற டேப். பக்கத்தில் எட்டாவது கொக்கியும் ஒன்பதாவது கொக்கியும் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"அக்டோபர்." அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டாவது உலைய மூடிட்டாங்க. ரெண்டு ஆள வேற இடத்துக்கு அனுப்பிட்டோம். அந்த உலை ஆளு இவன், உன் இடத்துல போட்டாச்சு. இடம் இல்ல கண்ணு. உனக்குன்னு இல்ல, யாருக்குமே இல்ல."

"கிறிஸ்துமஸ்ல கேட்டேனே. இருக்குன்னீங்களே."

"கேட்டியே. அன்னைக்குத்தான் ஏதோ கணக்கு முதல் தடவையா சரியா வந்துச்சுன்னு குதிச்சிட்டிருந்தே. அப்ப போய்ச் சொல்லச் சொல்றியா? சொல்லியிருந்தா மறுநாளே கிடங்கு வேலை தேடப் போயிருப்பே. உன்னத் தெரியாதா எனக்கு?"

"போன மாசம் போன்ல?"

"அது..." என்று கழுத்தைத் தடவினார். "உன் குரல் சரியில்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததுதான். அந்த மூன்று வாரமும் நான் படுத்துத் தூங்கியது இல்லாத ஒரு கொக்கியின் மேல். அறுபதுக்கு ஒன்று குறைந்திருந்தால் இந்த அறைக்கு நான் கோட்டோடு வந்து நின்றிருப்பேன், மாட்ட இடம் இருந்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்தேன். கோலினும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஃபெயிலாகி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தெரியல." அவர் கையில் பாதிப் பன் இருந்தது, அப்போதுதான் அதைப் பார்த்தார். "நீ போன் பண்ண அன்னையிலேருந்து நான் தூங்கல கண்ணு. நேத்து ராத்திரிகூட."

பாதிப் பன்னையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கப் போறேன்" என்றார்.